அரசு ஏலத்தில் கேமரா வாங்கலாமா?

"அரசுத் துறைகள் கழித்துக்கட்டும் கேமராவும் லென்ஸும் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போகிறதாமே, நம்பி வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். பதினைந்து வருடமாக நானும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். கொழுத்த லாபமும் பார்த்திருக்கிறேன், தலையில் துண்டும் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இங்கே விற்பவருக்குத் தான் விற்கும் பொருள் என்னவென்று தெரியாது.

பழைய கேமரா விற்கும் கடைக்காரருக்குத் தன் சரக்கு அத்துப்படி. எந்த லென்ஸுக்கு என்ன மவுசு, எதில் பூஞ்சை, எதில் ஷட்டர் மந்தம் எல்லாம் தெரிந்துதான் விலை போடுவார். அரசுக் கிடங்கில் பட்டியல் எழுதுகிறவர் காலையில் நாற்காலியையும் மதியம் ஜெராக்ஸ் மெஷினையும் எண்ணிவிட்டு, மாலையில் "கேமரா, கருப்பு, 1, லென்ஸ், பலவகை, 4" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறவர். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் வேலை இல்லை. அந்த நான்கு லென்ஸில் ஒன்று தங்கமாக இருக்கலாம், நான்குமே கண்ணாடிக் குப்பையாகவும் இருக்கலாம். ஆகவே கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் துறையைப் பாருங்கள். அது எந்த அலுவலகத்தில், யார் கையில், எதற்காக இருந்தது, ஏன் வெளியே வருகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரசு ஏலம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று உபரி: பொருள் நன்றாக இருக்கிறது, துறைக்குத் தேவையில்லை. இன்னொன்று கண்டம் செய்தது: பழுது, வயது, பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாது என்று எழுதிக் கழித்தது. மூன்றாவது பறிமுதல்: சுங்கத்துறையோ காவல்துறையோ பிடித்தது. பறிமுதலில் பெட்டி பிரிக்காத சரக்கு வரும், ஆனால் கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்க முடியாது. ஏல அறிவிப்பில் இது எந்த வகை என்று எங்காவது ஒரு மூலையில் இருக்கும். அதைத் தேடிப் படித்த பிறகு படங்களைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உபரி என்றதும் நேராகப் பொதுமக்களிடம் வந்துவிடாது. அமெரிக்க மத்திய அரசில் ஒரு துறை வேண்டாமென்றதை முதலில் மற்ற மத்தியத் துறைகள் பார்க்கும், அப்புறம் மாநிலங்களும் தகுதியுள்ள பொது அமைப்புகளும் பார்க்கும், அதற்கும் பிறகு மிஞ்சியதுதான் ஜிஎஸ்ஏ (அந்த அரசின் பொதுச் சேவை நிர்வாகம்) நடத்தும் ஏலத்துக்கு வரும். ஆக நம் கண்ணில் படுவது பலர் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுப்போனது. எல்லோருக்கும் தெரிந்த நல்ல பொருள் பெரும்பாலும் வழியிலேயே நின்றுவிடும். யாருக்கும் என்னவென்று தெரியாத பொருள்தான் கடைசி வரை வரும். தேட வேண்டியது அதைத்தான்.

இப்போது துறைவாரியாக. எனக்குப் பிடித்தது தடய அறிவியல் கூடம். அங்கே கேமரா ஸ்டாண்டில் பூட்டியபடியே இருக்கும், மழையில் நனையாது, தோளில் தொங்கி அடிபடாது. மேக்ரோ லென்ஸ், ரிங் ஃப்ளாஷ், காப்பி ஸ்டாண்ட் எல்லாம் அங்கிருந்து வருபவை பெரும்பாலும் சுத்தமாகவே இருந்திருக்கின்றன. நான் சொன்ன "தெரியாத பொருள்" அதிகம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஒரு உதாரணம். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு லாட்டில் (ஒரே எண் போட்டு மொத்தமாக விற்கும் தொகுப்பில்) ஃபியூஜி எஸ்எல்ஆர் ஒன்றை எடுத்தார். வீட்டுக்கு வந்து மகளைப் படமெடுத்தால் முகம் ஊதா, தலைமுடி செம்பழுப்பு, கருப்பு பேன்ட் வெளிறிய மெஜந்தா. ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் சரியாகவில்லை. "சென்சார் போச்சு" என்று என்னிடம் கொண்டுவந்தார். வாங்கித் திருப்பிப் பார்த்தேன், முகப்பில் ஐஎஸ் ப்ரோ என்று இருந்தது. சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2007-இல் ஃபியூஜி தடய ஆய்வுக்கும் மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் என்றே விட்ட கேமரா அது. சாதாரண டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடி இருக்கும். இதில் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். துணியில் துப்பாக்கி மருந்துப் படிவு, அழித்து எழுதிய மை, தோலுக்கடியில் கன்றிய காயம் இவையெல்லாம் புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும்தான் தெளிவாகத் தெரியும் என்பதால். லென்ஸுக்கு முன்னால் இரண்டையும் தடுக்கும் ஃபில்டர் ஒன்றை மாட்டியதும் மகளின் முகம் மகளின் முகமாகவே வந்தது. லென்ஸ் மாட்டும் வாய் நிக்கான் எஃப் மவுன்ட் என்பதால் அவரிடம் இருந்த பழைய லென்ஸ்களும் பொருந்தின. ஃபில்டரைக் கழற்றி அகச்சிவப்பு ஃபில்டர் போட்டால் இலையெல்லாம் வெள்ளையாக ஒளிரும் நிலக்காட்சி. அதற்காகவே நல்ல கேமராவைப் பிரித்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இவருக்குக் கம்பெனியே மாற்றிக் கொடுத்தது ஏலத்தில் கிடைத்திருக்கிறது.

அதே வகையில் இன்னொன்று யூவி நிக்கார் 105 மி.மீ. எஃப் 4.5. சாதாரணக் கண்ணாடி புற ஊதாவின் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால் குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் வைத்துச் செய்த லென்ஸ். பட்டியலில் "நிக்கான் லென்ஸ் 105" என்றுதான் வரும். அந்த இரண்டு எழுத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு யோகம். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

செய்தி மக்கள் தொடர்புத் துறை இதற்கு நேர் எதிர். வெளியே பார்க்கப் பளபளவென்று பெரிய பாடி, 70–200 எஃப் 2.8 லென்ஸ். உள்ளே ஓட ஓட உழைத்துத் தேய்ந்தது. நிக்கான் டி3-யின் ஷட்டர் 3,00,000 முறைக்கும் டி4-இன் ஷட்டர் 4,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை என்று கம்பெனி சொன்னது. விழாவுக்கு விழா விரலை எடுக்காமல் அழுத்துகிறவர்கள் கையில் அந்த எண் ரொம்பப் பெரிதல்ல. நிக்கானில் எடுத்த படத்தின் தகவலுக்குள்ளேயே ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு, இருக்கும், ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். கேனானில் பல மாடல்களில் அப்படிச் சுலபமாகக் கிடைக்காது, தனி மென்பொருள் வேண்டும். பார்க்க விடவில்லையென்றால் ஷட்டர் மாற்றும் செலவையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

அரசு அச்சகமும் நில அளவைத் துறையும் பெரிய ஃபார்மட் ஆட்களுக்கான, அதாவது பெரிய தாள் ஃபிலிமில் எடுக்கிறவர்களுக்கான இடம். அச்சுத் தகடு எடுக்க ஒரு அறை நீளத்துக்குப் பெரிய கேமரா வைத்திருப்பார்கள். அந்தக் கேமராவை யாரும் தூக்க முடியாது, தூக்கவும் வேண்டாம். அதன் மூக்கில் இருக்கும் லென்ஸ்தான் விஷயம். ரோடன்ஸ்டாக் அப்போ ரோனார், கோயர்ஸ் ரெட் டாட் ஆர்ட்டார், அப்போ நிக்கார் மாதிரி. எஃப் 9 என்ற சின்னத் திறப்பு என்பதால் மங்கலாகத் தெரியும், ஷட்டரும் இருக்காது. ஆனால் வரைபடத்தை ஓரம் வரை கோடு பிசகாமல் பிரதி எடுக்கச் செய்தவை. எஃப் 22-க்கு மூடினால் தூரக் காட்சிக்கும் அருமையாக இருக்கும். ஷட்டருக்கு என்ன செய்வது என்று கேட்டால், ஒரு நொடி, இரண்டு நொடி எக்ஸ்போஷருக்கு மூடியைக் கழற்றி மாட்டினாலே போதும். தாத்தா காலத்து வழிதான்.

பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரதி எடுப்பது), லைட் டேபிள், டென்சிட்டோமீட்டர் (ஃபிலிமின் கருமையை அளப்பது) என்று டார்க் ரூமையே காலி செய்து அனுப்புகின்றன. ஃபிலிம் கழுவுகிறவராக இருந்தால் விடாதீர்கள். போக்குவரத்துக் காவலர் கையில் இருந்த சின்ன டிஜிட்டல் கேமராக்களைத் தொடவே தொடாதீர்கள், பெட்டி பெட்டியாகச் சும்மா கொடுத்தாலும்.

இராணுவ உபரி ஒரு தனி உலகம். மோகமும் அங்கேதான், ஏமாற்றமும் அங்கேதான். நார்மன் எட்மண்ட் என்ற புகைப்பட ஆர்வலர் 1942-இல் அமெரிக்காவில் ஓரம் உடைந்த லென்ஸ்களை வாங்கி விற்கத் தொடங்கிய எட்மண்ட் சால்வேஜ் கம்பெனி, பின்னாளில் போர் உபரியால் வளர்ந்து, இன்று எட்மண்ட் ஆப்டிக்ஸ் என்ற பெரிய ஒளியியல் நிறுவனமாக நிற்கிறது. அவர் கணக்கு எளிமையானது: இராணுவம் கழித்த கண்ணாடி வேறொருவருக்குக் கண்ணாடிதான். கேமராவுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அதற்கு ஃபிலிம் வேண்டும். ஹிரோஷிமாவில் எழுந்த காளான் மேகத்தை 1945 ஆகஸ்ட் 6 அன்று எனோலா கே விமானத்தின் வால்பகுதி வீரர் ஜார்ஜ் கேரன் படமெடுத்தது கே-20 என்ற கைப்பிடி வான்படக் கேமராவில். அந்த மாடல் இன்றும் ஆங்காங்கே கிடைக்கிறது, அலமாரியில் வைத்தால் கம்பீரம். ஆனால் அதற்கு ஐந்தேகால் அங்குல அகல ரோல் வேண்டும், எங்கே போவது? 1950-களின் இராணுவக் கேமரா காம்பாட் கிராஃபிக் 70 மி.மீ. ஃபிலிம் கேட்கும். அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய கோடக் மெடலிஸ்டுக்கு 620 என்ற ரோல் ஃபிலிம் வேண்டும், கோடக் அதை 1995-இல் நிறுத்திவிட்டது. மெடலிஸ்ட் மட்டும் பரவாயில்லை. 620-ம் 120-ம் ஒரே ஃபிலிம்தான், சுருள்தான் வேறு. இருட்டில் உட்கார்ந்து சுற்றிக்கொள்ளலாம்.

வான்படக் கேமராக்களிலிருந்து தனியாக வரும் லென்ஸ்களில் பேர் போனது கோடக் ஏரோ எக்டார், 178 மி.மீ. எஃப் 2.5. ஸ்பீட் கிராஃபிக் என்ற பழைய பத்திரிகைக் கேமராவில் இதை மாட்டி அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட் எடுத்த படங்களுக்குப் பிறகு இதற்குக் கிராக்கி கூடிவிட்டது. கையில் எடுத்தால் கண்ணாடி டீ நிறத்தில் இருக்கும். அழுக்கு என்று துடைக்காதீர்கள். இதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, வருடக்கணக்கான கதிரியக்கத்தில் கண்ணாடியே மஞ்சளித்துப்போனது அது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாளோ சில வாரமோ வைத்தால் நிறம் வெளுத்துவிடும். பயன்படுத்துவதில் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் கண்ணருகே வைத்து மணிக்கணக்கில் பார்ப்பது, தேய்ப்பது, உடைந்த துண்டைக் கையாளுவது வேண்டாம். படுக்கை அருகிலும் வைக்காதீர்கள்.

இராணுவ முத்திரை என்றாலே சந்தேகப்படவும் வேண்டும். லைக்கா எம்4-ஐ அமெரிக்க இராணுவத்துக்காக மாற்றிச் செய்த கேஇ-7ஏ 1972 வாக்கில் ஏறக்குறைய 500 மட்டுமே வந்தது, அதனால் யானை விலை. விலை இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா? ஜெர்மன் விமானப்படை முத்திரையோடு சுற்றும் "போர்க்கால லைக்கா"க்களில் ஏராளமானவை சோவியத் ஃபெட், சோர்க்கி கேமராக்களில் முலாம் பூசி எழுத்துப் பொறித்தவை. இவை அரசு ஏலத்தில் வருவதில்லை. "அரசு உபரி" என்று சொல்லி வெளியே விற்கிறவர்களிடம்தான் வரும். துறை கொடுத்த விற்பனைத் தாள் இல்லாத உபரி வெறும் கதை. இரவில் பார்க்கும் கருவிகளும் வெப்பப்படக் கருவிகளும் பல நாடுகளில் தனிச் சட்டத்துக்குள் வருபவை. அமெரிக்காவில் ஐடார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் பாயும். நாட்டைவிட்டு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

சரி, பார்வையிடும் நாள். ஏலத்துக்கு முன் ஒருநாளோ இரண்டு நாளோ பொருளை வந்து பார்க்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருப்பார்கள். போகாமல் கேட்பவர்கள்தான் அதிகம், நானும் அப்படிக் கேட்டுத்தான் முதல் துண்டைப் போட்டேன். ஒரு சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, நான்கு ஏஏ பேட்டரி, ஒரு மெமரி கார்டு, ஒரு வெள்ளைத்தாள், இவ்வளவு போதும். டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடியுங்கள். பூஞ்சை சிலந்தி வலை மாதிரி கிளை விட்டுத் தெரியும், மூட்டம் பால் படர்ந்ததுபோல் தெரியும், கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போனது ஓரத்தில் வானவில் வளையமாகத் தெரியும். ஈரக் கிடங்கில் மூடிய தோல் பையோடு கிடந்த லென்ஸில் பூஞ்சை இல்லையென்றால்தான் ஆச்சரியம். ஃபிலிம் கேமராவில் பின்கதவைத் திறந்து ஒரு நொடி வேகத்தில் அழுத்துங்கள். இழுத்துக்கொண்டு பாதியில் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அது சரிசெய்யக்கூடியது. துணி ஷட்டரில் வெளிச்சம் ஊசிமுனையாக வந்தால் அது செலவு. டிஜிட்டலில் எல்லோரும் திரையைத் தட்டிப் பார்ப்பார்கள், கார்டு துளையைப் பார்க்க மாட்டார்கள். பழைய சிஎஃப் கார்டு கேமராக்களில் உள்ளே வரிசையாக ஊசிகள் நிற்கும். அவசரத்தில் கார்டைக் கோணலாகச் சொருகியிருந்தால் ஒன்று மடங்கியிருக்கும். டார்ச் அடித்து ஊசி ஊசியாகப் பாருங்கள். வளைந்த ஒரு ஊசிதான் சில சமயம் கண்டம் செய்ததற்கே காரணம். நிமிர்த்தத் தெரிந்தவருக்கு அதுவும் யோகம்தான். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எழுபதுகளின் கேமரா என்றால் பல மாடல்களின் வெளிச்சம் அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பியது, அது இப்போது தடை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பொய் சொல்லும்.

அப்புறம், ஒரு லாட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒருமுறை எட்டு பாடிகள் இருந்த லாட்டை எடுத்தேன், சார்ஜர் ஒன்றுகூட இல்லை. பழைய மாடல், தேடி அலைந்தேன். அதே ஏலத்தில் பதினேழு எண் தள்ளி "மின்சாதனம், பலவகை, 1 பெட்டி" என்று ஒன்று போயிருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அடாப்டர் குவியலுக்கு அடியில் என் எட்டு சார்ஜர்களும் இருந்தன. எடுத்தவர் பழைய இரும்புக்காரர், கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிட்டாராம்.

விலை கேட்கும்போது இப்படிச் செய்யுங்கள்: லாட்டில் உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒரே பொருளுக்கு மட்டும் விலை போடுங்கள், மற்றதெல்லாம் பூஜ்யம். அதிலிருந்து ஏலக் கட்டணம், வரி, ஏற்றிக்கொண்டு வரும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உச்சம். "உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே" என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். ஓடவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது, ஏற்ற ஆள் தர மாட்டார்கள், குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் வாடகை, அதற்கும் மேல் போனால் டெபாசிட்டே போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது ஃபிலிம் கழுவும் மினிலேப் மெஷினுக்காகவே சொன்னது. இனாமாகத் தந்தாலும் அது வேண்டாம். சில ஏலங்களில் அதிகம் கேட்டவருக்குக்கூட உடனே கிடைக்காது, மேலதிகாரி ஒப்புதல் வந்தால்தான் விற்பனை. வாரக்கணக்கில் பணம் முடங்கும், தயாராக இருங்கள். முடியும் நேரத்தில் யாராவது கூட்டிக் கேட்டால் பல தளங்களில் நேரம் தானாக நீளும். கடைசி நொடித் தந்திரமெல்லாம் அங்கே பலிக்காது.

டார்க் ரூம் லாட் எடுத்தால் அதோடு வரும் பாட்டில்களுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. எனக்கு ஒருமுறை என்லார்ஜரோடு பாதி காலியான பதினொரு பாட்டில் வந்தது. ஒன்றில் ஆரஞ்சு நிறப் படிகம், பொட்டாசியம் டைக்ரோமேட். புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, சாக்கடையில் கொட்ட முடியாது. முறையாக அழிக்க ஆன செலவு என்லார்ஜர் விலையைத் தாண்டிவிட்டது. பழைய ஃபிலிம் டப்பா இருந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அசிடேட், ஃபிலிம் கெட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய நைட்ரேட் ஃபிலிமாக இருந்தால் அது தீப்பிடிக்கும் சரக்கு, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஸ்டுடியோ ஃப்ளாஷ் பெட்டிகளும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைச் சாய்க்கும் மின்சாரம் நிற்கும். பல வருடம் சும்மா கிடந்ததை எடுத்ததும் முழு பவரில் வைக்காதீர்கள். மிகக் குறைந்த பவரில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள், திறந்து பார்க்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கார்டைத் துறையே எடுத்துவிட வேண்டும், ஆனாலும் மறந்துபோவது உண்டு. ஒரு கேமராவுக்குள் எனக்குக் கிடைத்த கார்டில் ஒரு விபத்து நடந்த இடம் இருந்தது. இரண்டாவது படத்தோடு நிறுத்திவிட்டுக் கிடங்கு அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போய் மறுநாளே ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். நீங்களும் பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

கேமராவின் அடியில் அலுமினியத் தகடோ பெயின்ட் எண்ணோ இருக்கும். அசிங்கமாக இருக்கிறது என்று சுரண்டாதீர்கள். சுரண்டிய அரசு முத்திரை திருட்டுப் பொருள் மாதிரிதான் தெரியும். முத்திரையும் அதே எண் போட்ட விற்பனைத் தாளும் சேர்ந்திருந்தால் யார் கேட்டாலும் காட்டலாம், பின்னால் விற்கும்போது விலையும் கூடும். நான் தாளை மடித்துக் கேமரா பைக்குள்ளேயே வைத்துவிடுவேன்.

முதல் ஏலத்துக்கு நீங்கள் போவதாக இருந்தால் கேமரா லாட்டை விட்டுவிட்டு ட்ரைபாட் லாட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரைபாடுக்குப் பூஞ்சை பிடிக்காது, சென்சார் இல்லை, ஃபிலிம் நின்றுபோகும் கவலையும் இல்லை. கால்களை முழுக்க நீட்டி, பூட்டி, மேலிருந்து உங்கள் எடையில் கொஞ்சம் கொடுத்து அழுத்துங்கள். இறங்கவில்லையென்றால் நல்லது. பெலிகன் மாதிரிக் கெட்டிப் பெட்டிகளும் அப்படித்தான், ஓரத்து ரப்பர் வளையம் வெடிக்காமல் இருந்தால் போதும். பெட்டி லாட் எடுத்தால் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுவதற்கு முன் தடவிப் பாருங்கள். நான் எடுத்த ஆறு பெட்டிகளில் ஒன்றின் அடி ஸ்பாஞ்சுக்குக் கீழே, உறையோடு, ஒரு 60 மி.மீ. மேக்ரோ இருந்தது. கிடங்குக்குப் போன் செய்தேன், "பெட்டியோடு விற்றது விற்றதுதான் சார்" என்றார்கள். இன்றுவரை என் பையில் இருப்பது அந்த லென்ஸ்தான்.